வெறுந்தரை

“வெறும் தரைய அளக்கறதுக்கா வேலூர்ல இருந்து வண்டி வெச்சிக்னு வந்தீங்க?”

மீனாம்பாள் இப்படிக் கேட்டதும் வாசலில் கூடியிருந்த நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். கேட்டவள் சிரிக்கவில்லை. பதில் சொன்னவளும் சிரிக்கவில்லை.

“ஆமாங்கம்மா. மொதல்ல வெறும் தரை. அப்புறம் வீடு. கடைசியாத்தான் உங்க மருமக.”

வந்தவள் பெயர் கெசியா. சத்துவாச்சாரியில் வீடு. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் கதிர்வீச்சு அளக்கிற வேலை பார்த்தவள், இப்போது அதே வேலையைச் செய்கிற ஒரு பரிசோதனைக் கம்பெனியில் இருக்கிறாள். அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர், புருஷன் ஸ்கூல் வாத்தியார், பெண் குழந்தை ஒன்று. வண்டியை விட்டு இறங்கி ஒரு டம்ளர் மோர் குடிப்பதற்குள் இவ்வளவையும் எங்கள் தெரு அவளிடமிருந்து வாங்கிவிட்டது. அவள் எங்களிடமிருந்து வாங்கியது ஒன்றே ஒன்றுதான். “சோபனாங்கறது யாரு?”

சோபனா கதவோரம் நின்றிருந்தாள். மீனாம்பாளின் மருமகள். ஐந்து மாதம். புடவை முந்தானையை வயிற்றின்மேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள், யாரோ பார்வையாலேயே எதையோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

எங்கள் தெரு ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மணல் வாரிப்போன பாலாறு, இன்னொரு பக்கம் கருங்கல் மலை. ஆண்கள் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போவார்கள். பெண்கள் வீட்டிலேயே பெல்ட்டுக்குப் பக்கிள் போடுவோம். கம்பெனியிலிருந்து தோல் பட்டைகளும் இரும்பு பக்கிள்களும் மூட்டையாக வரும். பட்டையின் நுனியை மடித்து, பக்கிளைக் கோத்து, ரிவிட்டை வைத்து மரச்சுத்தியால் ஒரு அடி. அடி கூடினால் தோலில் தழும்பு விழும், குறைந்தால் ரிவிட்டு ஆடும். மீனாம்பாளின் அடி இரண்டுக்கும் நடுவில் விழுகிற அடி. சோபனாவும் கல்யாணமாகி வந்த கையோடு அதைப் பழகிக்கொண்டாள். மாமியாரும் மருமகளும் எதிரெதிராக உட்கார்ந்து அடித்தால் ஒரே ஆள் அடிப்பதுபோல் கேட்கும்.

அந்தச் சத்தம் நின்று ஒரு வாரம் ஆகிறது. கப்பலில் போன பெல்ட்டுப் பெட்டி ஒன்று வெளிநாட்டுத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே சரக்கு ஒரு வளைவுக்குள் நுழைந்துதான் போக வேண்டுமாம், நுழைந்ததும் வளைவு கத்திவிட்டதாம். கம்பெனி சூப்பர்வைசர் காஷிஃப் வந்து எல்லார் வீட்டிலிருந்தும் மூட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

“பக்கிள்ல ரேடியேஷன் இருக்குதாம்மா. எங்கயோ ஸ்கிராப் இரும்போட வேற எதையோ சேர்த்து உருக்கிட்டானுங்க. நம்ம மேல தப்பு இல்ல. பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று ஒரு ஆண்பிள்ளை வீடு வீடாக வந்து சொன்னால் பயப்படாமல் என்ன செய்வது? சோபனா அதைக் கேட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அணைக்கட்டு ஊரில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் எழிலரசி மறுநாளே பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

எழிலரசியைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுடைய மூத்த பிள்ளைக்கு நடை வரவில்லை, பேச்சு வரவில்லை. பன்னிரண்டு வயசுப் பையனை இன்றைக்கும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போகிறாள்.

“நான் படறது போதும், சோபனா. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். நாள் தள்ளிப் போச்சுன்னா அவங்களும் கை வைக்க மாட்டாங்க. நாளைக்கே போயிடலாம். அடுத்த வருஷம் வேற பெத்துக்க.”

“இது அசையுது, அண்ணி.”

“அசையும். என்னுதும்தான் அசைஞ்சது.”

சோபனாவின் புருஷன் நவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். போனவன் நேரே கம்பெனி கேட்டில் போய் நின்றிருக்கிறான். “யாராச்சும் வந்து அளந்து சொல்லுங்க. சொல்லாம நான் ஷிஃப்டுக்குப் போக மாட்டேன்.” அப்படி வரவழைக்கப்பட்டவள்தான் கெசியா.

காலை வெயிலிலேயே கண் கூசியது. கெசியா மஞ்சள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மீட்டர், அதிலிருந்து ஒயரில் தொங்குகிற ஒரு குழாய், பிறகு சட்டைப் பொத்தான்போல ஒரு சின்ன வில்லை.

“வயித்துல வெச்சுப் பாத்துட வேண்டியதுதானே?” என்றாள் எழிலரசி. “எதுக்கு ஊரைச் சுத்திக்கிட்டு?”

“அக்கா, நீங்க மீன் வாங்கறப்ப இன்னா பண்ணுவீங்க? வெறும் தட்டு எவ்ளோ காட்டுதுன்னு பாப்பீங்கல்ல?”

“பாக்காம? அவன் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டியிருப்பான்.”

“அதேதான். இந்த மண்ணுல, மலையில, செங்கல்லுல, மேல ஆகாசத்துல இருந்துகூட, கொஞ்சம் கதிரு எப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கும். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து வருது. அது எவ்ளோன்னு முதல்ல எடுத்துக்கணும். அப்புறம் வீட்ல காட்டறதுல இருந்து அதைக் கழிக்கணும். மிச்சம் இருந்தா அது பக்கிளால வந்தது.”

“மலையிலயே இருக்குதா?” என்று கும்பலில் ஒருத்தி மார்பில் கை வைத்தாள். “அப்போ நம்ம கதி?”

“உங்க கதி நல்லாத்தான் இருக்கு. இவ்ளோ சத்தமா பேசறீங்களே.”

அப்போதும் சிரித்தோம். ஆனால் அவள் கேட்டது ஒரு நியாயமான இடம். பக்கிள் மூட்டை எந்தக் காலத்திலும் போகாத இடம், வீட்டை விட்டுத் தள்ளி, ஆனால் இதே மண்ணாக இருக்க வேண்டும். நவீன்குமார் யோசித்தான். கொல்லைப்பக்கம் புங்கமரத்தடியைக் காட்டினான். அங்கே விறகு அடுக்கு ஒன்றுதான் இருந்தது. நிழலாக வேறு இருந்தது. ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து விறகு அடுக்கை ஒட்டிப் போட்டான்.

“இங்க உக்காருங்க மேடம். சில்லுனு இருக்கும்.”

“அங்க வேணாம்டா,” என்றாள் மீனாம்பாள்.

“ஏம்மா?”

“எறும்பு கீது.”

“எறும்பு என்னை ஒண்ணும் பண்ணாதும்மா,” என்று கெசியா உட்கார்ந்துவிட்டாள்.

குழாயை ஒரு சின்ன முக்காலியில் வைத்தாள். “இப்ப யாரும் கிட்ட வராதீங்க. கொஞ்ச நேரம் ஆகும்.” மீட்டர் டிக், டிக் என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நேரம் சேர்ந்தாற்போல இரண்டு விழும், ஒரு நேரம் ஒன்றுமே விழாது. ஒவ்வொரு டிக்குக்கும் சோபனாவின் கண் இமைத்தது. கெசியா ஒரு தடவை எடுத்தாள், மறுபடி எடுத்தாள், மூன்றாவது தடவையும் எடுத்தாள்.

“ஒரு வாட்டி எடுத்தா போதாதா மேடம்?” என்றார் காஷிஃப். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

“மழைத்துளி மாதிரி பாய் இது. ஒரு நிமிஷம் ஜாஸ்தி விழும், ஒரு நிமிஷம் கம்மியா விழும். நிறைய நேரம் ஏந்தினாத்தான் நிஜம் தெரியும்.” எண்ணைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் காட்டுது. மலையடிவாரம், கருங்கல் பூமி. இருக்கும்,” என்றாள்.

பிறகு வீட்டுக்குள் போனாள். பக்கிள் அடிக்கிற கூடம், அடுப்பங்கரை, சோபனாவின் கட்டில், சுத்தி, பலகை எல்லாவற்றின் மேலும் குழாயைப் பிடித்துப் பிடித்து எடுத்தாள். கடைசியாகச் சோபனாவை நாற்காலியில் உட்காரவைத்து வயிற்றுக்கு நேரே பிடித்தாள். சோபனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு விடுங்க. மூச்சு விட்டா இதுக்கு ஒண்ணும் ஆகாது.”

எடுத்து முடித்ததும் காஷிஃப் எட்டிப் பார்த்தார். “வெளியில காட்டினதைவிட உள்ள கம்மி! மேடம், கம்மிதானே?”

“கம்மிதான்.”

அவ்வளவுதான். நவீன்குமார் சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தைபோல அழுதான். கும்பலில் ஒருத்தி சோபனாவுக்கு நெட்டி முறித்தாள். எழிலரசிகூட, “அப்பாடா, மாரியாத்தா,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மீனாம்பாள் மட்டும் அடுப்பங்கரை வாசலில் நின்று கெசியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெசியா அந்தப் பொத்தான் வில்லையை எடுத்துப் பலகைமேல் வைத்து, குழாயை அதன்மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கிவிட்டது.

“கொஞ்சம் இருங்க,” என்றாள். “யாரும் போயிடாதீங்க.”

“இன்னா மேடம் இன்னும்?” காஷிஃபின் குரலில் பேஜார் தெரிந்தது. “ஜும்மா தொழுகைக்குப் போகணும் நான்.”

“இந்த வில்லையில எவ்ளோ கதிரு இருக்குன்னு எனக்குத் தெரியும் பாய். கருவி சரியா இருக்குதான்னு பாக்கத்தான் இதை வெச்சிருக்கேன். காலையில ஆபீஸ்ல வெறும் மேசைய அளந்து கழிச்சேன், சரியா வந்துச்சு. இங்க புங்கமரத்தடி அளவைக் கழிச்சா குறையுது. வில்லை ஒரு காலை நேரத்துல குறையாது.”

“அப்போ மீட்டர் ரிப்பேரா?”

“மீட்டர் நல்லா இருக்கு. நான் கழிச்சதுதான் ஜாஸ்தி. அந்த மரத்தடி வெறும் தரை இல்ல.”

எழிலரசிக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

“நல்லா இருக்குது கதை! கம்மின்னு நீதானம்மா சொன்னே? சொல்லிட்டு இப்ப ஜாஸ்திங்கறே. வயித்துப் புள்ளக்காரிய வெச்சிக்கிட்டு விளையாடறியா? கம்மின்னா கம்மின்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு.”

“குடுத்துட்டுப் போயிடலாம்க்கா. எனக்கும் அதான் சுலபம். ஆனா அந்தப் பொண்ணு ராத்திரி தூங்கணும்ல? நான் சொல்றது நிஜமா இருந்தாத்தான் அவ தூங்கறதும் நிஜம்.” கெசியாவின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது, அவள் துடைக்கவில்லை. “தப்பு என்னுது. ஜாஸ்தின்னு பாத்தப்பவே இன்னொரு இடத்துல எடுத்திருக்கணும். கருங்கல்லுனு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். இப்ப மறுபடி மொதல்ல இருந்து எடுக்கப்போறேன்.”

எத்தனையோ அதிகாரிகள் எங்கள் தெருவுக்கு வந்து போயிருக்கிறார்கள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, மண்ணை அள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு. தப்பு என்னுது என்று கூடத்தில் நின்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

மீனாம்பாள் கதவு நிலையை விட்டு நகர்ந்தாள். கொல்லைக்குப் போனாள். விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எறிகிற சத்தம் கேட்டது. நாங்கள் போவதற்குள் அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்துக் கீழே போட்டிருந்தாள். இரும்பு குலுங்கியது.

“கைமிச்சம்,” என்றாள்.

கைமிச்சம் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் விளக்க வேண்டியதில்லை. அடிக்கும்போது பக்கிள் வளையும், முள் உடையும் என்று கம்பெனி ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் கூடுதலாகப் போடும். கைப்பழக்கம் உள்ளவள் ஒன்றைக்கூட வீணாக்க மாட்டாள். அந்தக் கூடுதல் வீட்டில் தங்கிவிடும். பையன்களின் ஸ்கூல் பைக்கு, மாட்டுக் கழுத்துப் பட்டைக்கு, தெரிந்தவர்களின் அறுந்த செருப்புக்கு என்று ஆகும். கம்பெனிக்கும் தெரியும், கேட்காது. நாங்களும் சொல்ல மாட்டோம். ஆனால் சூப்பர்வைசர் கண்முன்னால் பையோடு எடுத்துப்போட்டால் அதற்கு வேறு பேர் வந்துவிடும்.

“மூட்டை எடுக்க வந்தப்ப இதைக் குடுக்கல. திருடின்னு சொல்லிடுவாங்கன்னு பயம், பாய். இன்னிக்கு மேடம் வர்றாங்கன்னு இங்க வெச்சேன். உள்ளாற வெச்சாத்தான் ஆபத்து, வெளியில வெச்சா ஒண்ணுமில்லன்னு நெனச்சிக்னேன். பேரப்புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு எல்லாரும் கும்பிடறப்ப எனக்கு மட்டும் கை வரல. இனிமே எனக்கு வேலை குடுக்காட்டியும் போவுது.”

காஷிஃப் பையைப் பார்த்தார், மீனாம்பாளைப் பார்த்தார். “யா அல்லா. இதுக்காம்மா?” என்றார். “கேட்டிருந்தா நானே விட்டுட்டுப் போயிருப்பேனே,” என்று சொல்லி, சொன்னது எவ்வளவு தப்பு என்று உடனே உறைத்து, வாயை மூடிக்கொண்டார்.

கெசியா குழாயைப் பைக்கு மேலே கொண்டுபோனாள். டிக்குகள் ஒன்றையொன்று துரத்தின. அரிசி புடைக்கிற சத்தம்போல இருந்தது. சோபனா கொல்லை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா,” என்று கெசியா மெதுவாகக் கேட்டாள். “இங்க வைக்கறதுக்கு முன்னாடி இது எங்க இருந்துச்சு?”

மீனாம்பாள் கொல்லை வாசலில் நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லுங்கம்மா. இதை நீங்கதான் சொல்லணும்.”

“அவ கட்டில் கீழ.”

எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். “போச்சு! எல்லாம் போச்சு! நாளைக்குக் காலையில முதல் பஸ், சோபனா. இனிமே யாரும் ஒண்ணும் பேசாதீங்க.”

“நான் பேசணும்,” என்றாள் கெசியா. “இன்னும் அளக்கவே இல்ல. அதுக்குள்ள போச்சுன்னா எப்படி?”

பையை இடுக்கியால் பிடித்துக் கொல்லையின் கடைக்கோடி வரை கொண்டுபோய் வைத்தாள். நவீன்குமாரை விட்டுக் கட்டிலைக் கொல்லையின் இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். கட்டில் வந்தது, பாய் வந்தது, தலையணைகூட வந்தது. முதலில் வெறும் தரையில் வெறும் கட்டில். குழாயைச் சோபனாவின் வயிறு படுகிற இடத்தில் வைத்துவிட்டு எல்லாரையும் வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். அவளும் சோபனாவும் தூரத்தில் நின்றார்கள்.

“எந்தப் பக்கமா சாஞ்சு படுப்பீங்க?”

“இடப்பக்கம். இப்பத்தான். மொதல்ல மல்லாக்கப் படுப்பேன்.”

“பகல்ல படுப்பீங்களா?”

“சாப்ட்டுக் கொஞ்சம். அத்தை திட்ட மாட்டாங்க.”

வெயில் உச்சிக்கு வந்தது. வேலியோரம் நிழல் இல்லை. மீனாம்பாள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து, வெங்காயமும் சுட்ட கருவாடும் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். காஷிஃப் மோர் மட்டும் வாங்கிக்கொண்டார். ஜும்மாவைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. கெசியா நின்றுகொண்டே குடித்தாள், கண் மீட்டரை விட்டு எழவில்லை. வெறும் கட்டில் முடிந்ததும் பையை எடுத்துவந்து, மீனாம்பாள் காட்டிய அதே மூலையில் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். மறுபடி எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம். மறுபடி அந்த நீளமான காத்திருப்பு. அவசரப்படுத்தின எழிலரசியே, பக்கத்தில் யாரோ பேச வாயெடுத்தபோது, “சும்மா இருங்கடி,” என்றாள்.

முடிந்ததும் கெசியா பையைக் கொண்டுபோய் வண்டியில் இருந்த ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, சோபனாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மற்றவர்களை அவள் பார்க்கவே இல்லை.

“முதல் விஷயம். உங்க உடம்புல ஒண்ணும் இல்ல. வெயில்ல நின்னுட்டு நிழலுக்கு வந்தா வெயிலு கூடவே வராதில்ல, அப்படி. இது ஒட்டிக்கற சரக்கு இல்ல, இரும்புக்குள்ளயே இருக்கு. புரியுதா?”

“ம்.”

“ரெண்டாவது. கட்டில் கீழ இருந்தப்ப உங்களுக்கு வந்தது. அது பூஜ்யம்னு நான் சொல்ல மாட்டேன். வந்திருக்கு. எவ்ளோன்னு சொல்றேன். இந்த மலையும் மண்ணும் இந்த அஞ்சு மாசத்துல உங்களுக்குக் குடுத்ததுன்னு ஒண்ணு இருக்குல்ல, காலையில உங்க மாமியார் கேட்டாங்களே, அந்த வெறும் தரை. அதுல பாதிகூட இல்ல இந்தப் பையால வந்தது. அஞ்சு மாசமும் பை கீழயே இருந்து, நீங்க கட்டில்லயே நாள் பூரா படுத்திருந்ததா வெச்சிக்கிட்டுத்தான் இதைச் சொல்றேன். வர்ற வழியில கம்பெனியில மூட்டைங்களையும் அளந்துட்டுத்தான் வந்தேன், நீங்க உக்காந்து பக்கிள் அடிச்ச நேரத்தைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. புள்ளைக்குக் கெடுதல் வர்ற அளவுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம். எல்லா எண்ணையும் எழுதித் தர்றேன், உங்க டாக்டரம்மா பாக்கட்டும். சந்தேகம்னா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க.”

சோபனா வயிற்றின்மேல் இழுத்துப் பிடித்திருந்த முந்தானையை விட்டாள். பிறகு, “நீங்க காலையில கம்மின்னு சொன்னப்ப எனக்குச் சந்தோஷம் வரல,” என்றாள். “எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரல. இப்ப வருது.”

வேலியைத் தாண்டி வந்து நின்ற நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணி, நாளைக்கு நான் வரல.”

எழிலரசியின் வாய் கோணியது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். சோபனாவின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள், மூத்தவனைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்துபோன அந்த இடுப்போடு.

காஷிஃப்தான் மெதுவாக ஆரம்பித்தார். “மேடம். ஒரு விஷயம். கைமிச்சம் இவங்க வீட்ல மட்டும் இருக்காது.”

கெசியா நிமிர்ந்தாள். “எத்தனை வீட்ல?”

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வேலியையும் புங்கமரத்தையும் பாலாற்றையும் பார்த்தோம்.

மீனாம்பாள் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று தெரு நடுவில் போய் நின்றாள். சந்தையில் கேட்கிற குரல் அவளுக்கு.

“ஏ, கேளுங்கடி! நான் திருடி! பாய்கிட்ட நானே சொல்லிட்டேன், என் தலை ஒண்ணும் போயிடல! உங்க உங்க வீட்ல கட்டில் கீழ, பரண் மேல, அரிசி டப்பாவுல எங்க வெச்சிருந்தாலும் எடுத்துக்னு வாங்க! புள்ளைங்க தூங்கற வீடுடி!”

முதலில் ஒரு கதவுகூட அசையவில்லை. கொஞ்சம் கழித்துக் கோடி வீட்டு நசீமுன்னிசா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்புறம் அடுத்த வீடு. பிறகு எதிர் வீடு. டிபன் கேரியரில், பழைய சாக்ஸில், பிள்ளையின் பென்சில் டப்பாவில் என்று தெருவே வந்தது. நானும் ஒரு சுருக்குப்பையோடு போனேன்.

“இப்படி வைங்க. தள்ளித் தள்ளி,” என்று சொல்லிக்கொண்டே கெசியா மஞ்சள் பெட்டியை மறுபடி திறந்தாள். பைகளை விட்டு விலகி ஆற்றுப் பக்கமாக நடந்து போனாள். முக்காலியை வைத்தாள், குழாயை அதன்மேல் வைத்தாள்.

யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் சொல்லாமலே அத்தனை பேரும் பின்னால் நகர்ந்து நின்றோம்.